கொடுப்பதை மறைக்கலாம், கணக்கை மறைக்கலாமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டு 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது எமது சமூகம் கைகட்டி நிற்கவில்லை. பள்ளிவாசல்களில் சமைத்த உணவு பொதிகளாகப் போனது. ஜும்ஆ முடிந்ததும் வாசலில் துண்டு விரிக்கப்பட்டது. எமது ஊர் இளைஞர்கள் மண்வெட்டியோடும் தண்ணீர்ப் போத்தல்களோடும் லொறி ஏறி மலையகம் போய், முகம் தெரியாதவர்களின் வீடுகளில் முழங்கால் அளவு சேற்றை அள்ளிப் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களது உழைப்புக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

அந்த நாட்களில் நான் இருக்கும் வட்ஸ்அப் குழுமங்களில் மட்டும் ஒன்பது வங்கிக் கணக்கு இலக்கங்கள் வந்தன. "அவசரம், உடனே அனுப்புங்கள்" என்ற குரல் பதிவுகளும் வந்தன. மக்களும் அனுப்பினார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் எமது பிள்ளைகள் சம்பளத்தில் பிரித்து அனுப்பினார்கள். பிறகு எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது, மிச்சம் எவ்வளவு, அது இப்போது எங்கே இருக்கிறது என்ற விபரத்தைத் தாமாகவே வெளியிட்டவர்கள் அந்த ஒன்பது பேரில் இருவர்தான். மற்றவர்கள் படங்கள் போட்டார்கள். நன்றி சொன்னார்கள். அத்தோடு அந்த விடயம் முடிந்துவிட்டது.

கணக்குத் தராத ஏழு பேரும் காசைத் தின்றுவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களில் பலரை எனக்குத் தெரியும். சொந்தக் காசில் டீசல் அடித்து, தொழிலை மூடிவிட்டு அலைந்தவர்கள் அவர்கள். பிரச்சினையே அங்குதான் இருக்கிறது. நல்ல மனிதர்கள் நல்ல வேலை செய்கிறார்கள், ஆனால் அந்த நன்மையை நிரூபிக்க அவர்களிடம் ஒரு தாள் இல்லை. ரமழான் வரும். அதே கைகள் மீண்டும் ஸகாத்துக்கும் ஸதகாவுக்கும் பித்ராவுக்கும் நீளப்போகின்றன. இதைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

எமது நாட்டு மக்களிடம் கொடுக்கும் மனம் குறைவில்லை. உலக ஈகைச் சுட்டெண் எனப்படும் சர்வதேசக் கணிப்பில் இலங்கை பல ஆண்டுகள் முதல் பத்து நாடுகளுக்குள் இடம்பிடித்திருக்கிறது. நமக்குக் குறைவாக இருப்பது கொடுத்த பணம் போகும் வழியின் மீதான நம்பிக்கை. அந்த நம்பிக்கை குறைவதற்கு நாமே பழக்கிக்கொண்ட ஒரு குழப்பமும் காரணம்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாதபடி தர்மம் செய்பவரின் சிறப்பை ஹதீஸில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தர்மத்தை வெளிப்படையாகச் செய்தாலும் நல்லது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் இன்னும் சிறந்தது என்பதை அல்குர்ஆனின் சூரா அல்பகராவும் (2:271) சொல்கிறது. ஆனால் இவை யாரைப் பற்றியவை? கொடுப்பவரைப் பற்றியவை. தன் பெயரை, தன் தொகையை மறைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. அடுத்தவர் கொடுத்ததைச் சுமந்து செல்பவருக்கு அந்த உரிமை இல்லை, ஏனெனில் அவரது கையில் இருப்பது அவரது பணமே அல்ல. அது அமானிதம். கொடுப்பவருக்குச் சொன்ன இரகசியத்தை எமது சங்கங்களும் நிதியங்களும் தமக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. "நாங்கள் அல்லாஹ்வுக்காகச் செய்கிறோம், விளம்பரம் தேவையில்லை" என்று சொல்லும்போது கேட்க இனிமையாக இருக்கிறது. கணக்கும் சேர்ந்து மறைந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை.

அமானிதம் சுமந்தவரை நபி (ஸல்) அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டினார். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டு, பிறகு மக்களுக்கு முன்னால் மிம்பரில் ஏறி இந்த விடயத்தைப் பகிரங்கமாகவே பேசினார்கள். அவர் வந்ததும் நபியவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டதாகவே ஓர் அறிவிப்பு சொல்கிறது. இன்றைய மொழியில் அதன் பெயர் கணக்காய்வு. பதவியால் வரும் தனிப்பட்ட நலனுக்கும் அங்கே ஒரு கோடு போடப்பட்டது.

அவர் நபியவர்களைக் கண்ட ஒரு ஸஹாபி. அவரிடமே கணக்குக் கேட்கப்பட்டது என்றால், எமது ஊர்ப் பொருளாளரிடம் கேட்பது எப்படி அவமரியாதையாகும்? ஆனால் எமது ஊர்களில் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து பள்ளிவாசல் கணக்கைக் கேட்டால் முதலில் வரும் பதில், "ஏன், எங்கள் மேல் சந்தேகமா?" இரண்டாவது, "நீங்கள் எந்த இயக்கம்?" கேட்டவர் தரீக்காக்காரரா, தவ்ஹீத்காரரா, போன நிர்வாகத்தின் ஆளா என்று ஆராய்வதிலேயே கூட்டம் முடிந்துவிடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. கொஞ்ச நாளில் அவரது காசும் வருவதில்லை.

நான் கணிதம் கற்பிக்கிறேன். விடை சரியாக இருந்தாலும் செய்கையைக் காட்டாத பிள்ளைக்கு முழுப் புள்ளி இல்லை. அந்தப் பிள்ளை பார்த்து எழுதியது என்று அதற்குப் பொருளில்லை. செய்கை தெரிந்தால்தான் நான் சரிபார்க்க முடியும், பிழை இருந்தால் எந்த வரியில் என்று காட்ட முடியும். இதை எல்லாப் பிள்ளைகளும் புரிந்துகொள்கிறார்கள். எமது சங்கத் தலைவர்களுக்குத்தான் புரிய வைக்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை குறைந்தால் கொடுப்பது முற்றாக நின்றுவிடும் என்று நாம் நினைக்கிறோம். முஸ்லிம்களிடம் அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் ஸகாத் கடமை. பணம் வேறு வழியால் போகிறது. நிறுவனத்தை நம்பாதவர் தன் கையாலேயே பங்கிடுகிறார். கடைவாசலில், வீட்டு கேட்டில், நோன்பு இருபத்தேழில் ஆயிரம் ரூபா தாள்களாகப் பிரிகிறது. யாருக்கு அதிகம் தேவை என்று பார்க்க முடியாது. ஓடி வரக்கூடியவருக்குக் கிடைக்கிறது. படுக்கையில் கிடப்பவருக்கும், கேட்க வெட்கப்படும் குடும்பத்துக்கும் கிடைப்பதில்லை. பத்து வாசலில் நின்றவருக்குப் பத்துத் தடவை கிடைக்கிறது. ஒரு குடும்பத்தை ஸகாத் வாங்குவதிலிருந்து மீட்டு ஸகாத் கொடுக்கும் நிலைக்கு உயர்த்தக்கூடிய தொகை, ஒரு நாள் சமையலுக்கான சில்லறையாகச் சிதறிவிடுகிறது.

இதைவிடப் பெரிய விலையையும் நாம் கொடுத்திருக்கிறோம். 2020 மே 21ஆம் திகதி, ரமழானின் இறுதி நாட்களில், கொழும்பு மாளிகாவத்தையில் பணம் பங்கிடப்பட்ட இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் மூன்று பெண்கள் மிதிபட்டு இறந்தார்கள். கொரோனாக் கட்டுப்பாடுகளால் அன்றாடத் தொழில் நின்றுபோயிருந்த காலம் அது. 2023 ஏப்ரலில் யெமன் தலைநகர் ஸன்ஆவில் வணிகர்கள் பணம் பங்கிட்ட இடத்தில் 70க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் கராச்சியிலும் ரமழான் தர்மத்துக்காகத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இறந்தார்கள். கொடுத்தவர்களின் எண்ணத்தை நான் விசாரிக்க வரவில்லை. ஆனால் மாளிகாவத்தை ஏழைகளின் பெயர்ப் பட்டியலோடு, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய, எல்லோரும் நம்பக்கூடிய ஒரு பைத்துஸ் ஸகாத் அன்று இருந்திருந்தால், அந்த மூன்று தாய்மாரும் அந்த வாசலில் நிற்க வேண்டி வந்திருக்குமா? இந்தக் கேள்வி இன்றும் எமது தலைவர்களின் மேசையில் இருக்க வேண்டும்.

கணக்குக்குப் பதிலாக நாம் கண்டுபிடித்த இன்னொன்று புகைப்படம். பொதி கொடுப்பவர் சிரிக்கிறார், வாங்குபவர் தலை குனிகிறார், பின்னால் பதாகை. இதைத்தான் பலர் வெளிப்படைத்தன்மை என்று நினைக்கிறார்கள். எனது வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி உலர் உணவுப் பொதியைத் தாயோடு நின்று வாங்கும் படம் பேஸ்புக்கில் வந்தது. மூன்று நாட்கள் அவள் பாடசாலைக்கு வரவில்லை. வந்த பிறகும் பின்வரிசைக்கு மாறி உட்கார்ந்தாள். ஏழையின் முகம் வெளியே வந்தது, எத்தனை பொதி, ஒன்றுக்கு எவ்வளவு, எந்தக் கடையில் வாங்கியது, கடைக்காரர் நிர்வாகியின் உறவினரா என்பதெல்லாம் உள்ளேயே இருந்தது. இது தலைகீழ். மறைக்க வேண்டியது வாங்குபவரின் முகம், காட்ட வேண்டியது நிர்வாகத்தின் கணக்கு.

சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பாகிஸ்தானில் 1980ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட ஸகாத் கட்டளைச் சட்டத்தின்படி ரமழான் முதல் நாளில் வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து இரண்டரை வீதம் தானாகவே கழிக்கப்பட்டது. மக்கள் என்ன செய்தார்கள்? ரமழான் பிறப்பதற்கு முன்பே பணத்தை எடுத்துவிடுவது அங்கே ஒரு வருடாந்த வழக்கமாகிவிட்டது. அவர்களில் எத்தனையோ பேர் அதே பணத்தைத் தம் கையால் ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். அரசின் கையில் கொடுக்கத்தான் மனமில்லை. மலேசியாவில் வேறொரு பாதை. கோலாலம்பூரை உள்ளடக்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் 1991இல் ஸகாத் வசூலை முழுநேர ஊழியர்களும் கணினிப் பதிவும் பற்றுச்சீட்டும் வருடாந்த அறிக்கையும் கொண்ட தனி நிறுவனமாக மாற்றினார்கள். அதன் பின்னர் வசூல் பெருமளவு உயர்ந்தது, மற்றைய மாநிலங்களும் அதைப் பின்பற்றின. வரிச் சலுகையும் ஒரு காரணம்தான். ஆனாலும் ஒழுங்காக நடத்தினால் மக்கள் தேடி வந்து கொடுப்பார்கள் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இலங்கை முஸ்லிம்களாகிய எமக்கு வங்கிக் கழிவும் இல்லை, ஸகாத்துக்கு வரிக்கழிவும் இல்லை. எமது வசூல் முழுவதும் நம்பிக்கை என்ற ஒரே காலில் நிற்கிறது. அந்தக் கால் முறிந்தால் தாங்கிப்பிடிக்க வேறொன்றும் இல்லை.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் கணக்கு வைத்திருப்பதையும் அதைச் சமர்ப்பிப்பதையும் கடமையாக்கியிருக்கிறது. முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் வக்பு சபையும் வக்பு நியாய சபையும் இருக்கின்றன. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பதியப்படுகின்றன. 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதக் கம்பனிகளாகப் பதிந்தவையும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம்கூட அரசிடமோ வெளிநாட்டு அரசிடமோ சர்வதேச அமைப்பிடமோ கணிசமான நிதி பெற்றுப் பொதுச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களை, அந்தச் சேவை தொடர்பில், உள்ளடக்குகிறது.

ஆனால் இந்தச் சட்டங்களின் கீழ்ச் சமர்ப்பிக்கப்படும் கணக்கு பெரும்பாலும் மேலே, ஓர் அலுவலகத்தின் கோவைக்குள் போகிறது. துண்டில் நூறு ரூபா போட்ட மனிதரிடம் அது திரும்பி வருவதில்லை. உள்ளூர் விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் குழு, ஒரு தனிநபரின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு ஆகியவற்றால் வசூலாகும் பணமோ பெரும்பாலும் எந்தக் கோவைக்குள்ளும் போவதில்லை.

அரசாங்கமும் இதில் முன்மாதிரியாக இருக்கவில்லை. கொவிட் காலத்தில் மக்கள் அள்ளிக் கொடுத்த 'இடுகம' நிதியத்தின் பெரும்பகுதி செலவிடப்படாமலே இருந்து, பின்னர் ஜனாதிபதி நிதியத்துக்கு மாற்றப்பட்டது. ஒட்சிசனுக்கும் மருந்துக்கும் ஆஸ்பத்திரிகள் தவித்த காலத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது இலகுவில் மறக்காது. அரசு செய்யவில்லை என்பது நாம் செய்யாமலிருக்க நியாயமாகாது. 2019 ஏப்ரல் 21க்குப் பின்னர் எமது அமைப்புகளின் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற கேள்வி எம்மை எப்படி நெருக்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்விகளில் அநியாயமானவையும் இருந்தன. ஆனால் கோவை ஒழுங்காக இருப்பவருக்கு அநியாயமான கேள்விக்கும் பதில் சொல்லலாம். கோவை இல்லாதவர் நியாயமான கேள்விக்கு முன்னாலும் குற்றவாளியைப்போல நிற்க வேண்டும்.

என்னதான் செய்ய வேண்டும்? பெரிய வேலை இல்லை. பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் மாதம் ஒரு தாள் ஒட்டலாம். வந்த தொகை, செலவுகள், கையிருப்பு, வங்கி மீதி, அவ்வளவுதான். ஸகாத், பித்ரா, பொது ஸதகா, கட்டட நிதி ஆகியவை தனித்தனிக் கணக்குகளாக இருக்க வேண்டும். ஸகாத்தைப் பெறத் தகுதியானோரை மார்க்கமே வரையறுத்திருக்கும்போது, அதை ஒரே வாளியில் ஊற்றி மினாராவுக்கு வெள்ளையடிக்க முடியாது. காசோலையில் இரண்டு கையொப்பம் வேண்டும், அந்த இருவரும் தகப்பனும் மகனுமாக இருக்கக்கூடாது. நிர்வாகியின் கடையில் பொருள் வாங்கினால் அதைக் கணக்கிலேயே எழுத வேண்டும். எமது ஒவ்வோர் ஊரிலும் கணக்கியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். நிர்வாகத்தில் இல்லாத அப்படியான இருவரிடம் வருடத்துக்கு ஒருமுறை புத்தகத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

நிர்வாகச் செலவைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். "நூறு ரூபா தந்தால் நூறும் ஏழைக்கே" என்று சில அமைப்புகள் விளம்பரம் செய்கின்றன. லொறி வாடகையை யார் கொடுத்தது? கணக்கு எழுதியவருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? ஒரு தனவந்தர் கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஸகாத்துக்குரிய எட்டுக் கூட்டத்தினரில் அதை வசூலித்துப் பங்கிடும் ஊழியர்களையும் அல்குர்ஆன் (9:60) மூன்றாவதாகச் சேர்த்திருக்கிறது. எனவே நியாயமான செலவு வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. நூறில் ஏழு ரூபா செலவானது என்று சொல்பவரை, செலவே இல்லை என்று சொல்பவரைவிட நான் நம்புவேன். கொடுப்பவர்களாகிய நாமும் எழுதுவினைஞருக்குச் சம்பளம் கொடுப்பதைத் திருட்டுப்போலப் பார்ப்பதை விட வேண்டும். சம்பளமில்லாத பொருளாளர் இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கண்ணோடு எழுதும் கணக்கில் பிழை வந்தால் அதில் எமக்கும் பங்குண்டு.

கணக்கைப் போட்டால் மக்கள் குறை பிடிப்பார்கள், வருகிற காசும் நின்றுவிடும் என்ற பயம் நிர்வாகிகளிடம் இருக்கிறது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. முதல் வருடம் கேள்விகள் வரும், சிலர் முகம் சுளிப்பார்கள். பலகையில் ஒட்டிய தாளைப் பெரும்பாலானோர் வாசிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அது அங்கே தொங்குகிறது என்பதும், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். தவிர, தாள் இல்லாத இடத்தில் குறை பேசுவது நின்றுவிட்டதா என்ன? தேநீர்க்கடையில் நடக்கிறது. அங்கே பேசப்படும் தொகை எப்போதும் உண்மையைவிடப் பெரியது.

நல்ல மனிதர்களைப் பாதுகாப்பதும் இந்தத் தாள்தான். ஹாஜியார் ஒருவர் இருபது வருடம் ஸகாத் நிதியைச் சுத்தமாக நடத்தினார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் அவரை நம்பியது, புத்தகத்தைக் கேட்கவில்லை. அவர் மௌத்தானதும் என்ன மிஞ்சும்? யார் யாருக்குக் கடன் கொடுத்தார், எந்த விதவைக்கு மாதாந்தம் உதவினார் என்பதெல்லாம் அவரது தலைக்குள் இருந்தது, அவரோடு கப்ருக்குள் போய்விட்டது. அடுத்தவர் நல்லவராக இருந்தாலும் ஊர் அவரை முதலிலிருந்து சந்தேகிக்கும். மருதானை ஸாஹிரா 1892இலிருந்தும் பேருவளை நளீமிய்யா 1973இலிருந்தும் தம்மைத் தொடங்கியவர்களின் வாழ்நாளைத் தாண்டி நிற்கின்றன என்றால், ஒரு மனிதரின் நற்பெயரோடு ஓர் அமைப்பும் அங்கே கட்டியெழுப்பப்பட்டதுதான் காரணம்.

கடைசியாக, கொடுப்பவர்களிடம் ஒரு வார்த்தை. இந்த ரமழானில் உங்கள் ஸகாத்தைக் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். போன வருடம் எவ்வளவு சேர்ந்தது? அது யாருக்கு, எந்த அடிப்படையில் போனது? கணக்கை நிர்வாகத்துக்கு வெளியே யார் பார்த்தார்? மரியாதையோடு, ஸலாம் சொல்லிக் கேளுங்கள். பதில் தருபவர்களுக்குப் போன வருடத்தைவிடக் கூடுதலாகக் கொடுங்கள், அவர்கள் பதில் தந்ததை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கணக்குக் காட்டியவருக்குக் காசு அதிகம் வருகிறது என்பதை ஊர் ஒருமுறை கண்டுவிட்டால், மற்றவர்களும் தாளைத் தேடி எடுப்பார்கள். கணக்குக் கேட்காமலேயே கொடுத்துவிட்டுத் தேநீர்க்கடையில் திட்டுவது அமானிதம் சுமப்பவருக்கும் உதவாது, ஏழைக்கும் உதவாது.

அல்லாஹ் எமது ஸகாத்தையும் ஸதகாவையும் ஏற்றுக்கொள்வானாக. அவற்றைச் சுமந்து செல்வோரின் பொறுப்பை இலகுவாக்குவானாக.